மூன்று லிட்டரில் சேருமா?

பிப்ரவரி 3

சமையலறை அதிபருக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேச முடியாததைக் கடிதத்தில் எழுதுவது என்று முடிவு செய்தோமே, அந்தப்படி இது. போனில் நாம் இருவரும் நம் குட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அவள் கதையைக் கேட்பதோடு சரி. அவள் எழுந்து விளையாடப் போனதும் நீங்கள் "இங்க எல்லாம் நல்லா இருக்கு" என்பீர்கள், எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கடிதம் என்றால் கோபம் வருவதற்குள் கை வலித்துவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் குண்டாகிவிட்டேன். சிரிக்காதீர்கள். துறைமுகத்தில் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்கள். கிரேன் உச்சியில் உட்கார்ந்து ஓட்டுகிற எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கயிற்றில் கட்டித்தான் கீழே இறக்குவார்கள். அந்தக் கயிறு நூறு கிலோவுக்குத்தான் உத்தரவாதமாம். பூட்ஸ், ஹெல்மெட், இடுப்புப் பட்டை எல்லாம் போட்டுக்கொண்டு எடை மெஷினில் ஏறினால் நூறைத் தாண்டக் கூடாது. மே மாதம் என் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. அதற்கு முன்பு எடை பார்ப்பார்கள். தாண்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாண்டாவிட்டால் இன்னும் மூன்று வருஷம். மருத்துவ அறை மெஷின் பழுதாகிக் கிடக்கிறது, புதியது மே மாதம்தான் வருமாம். எங்கள் அறையில் இருக்கும் மெஷினில் எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறினால் இப்போது நான் நூற்றிநான்கு.

எப்படி ஏறியது என்று கேட்பீர்கள். மேலே போய் உட்கார்ந்தால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு நாற்காலி, காலுக்குக் கீழே கப்பல். கழிப்பறை கிடையாது. இறங்கி ஏற அரை மணி நேரம் போய்விடும், கப்பல்காரன் கீழே நின்று கத்துவான். அதனால் கிரேன்காரர்கள் யாரும் தண்ணீர் பக்கமே போவதில்லை. தாகத்தைப் பசி என்று நினைத்துக்கொண்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்போம். மருத்துவ அறையில் இருக்கும் நர்ஸக்கா இதைக் கண்டுபிடித்து என்னை ஒரு பிடி பிடித்தார். "மூணு லிட்டர் தண்ணி குடி. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்" என்றார். நடுவில் ஒருமுறை இறங்கிவர ஃபோர்மேனிடம் அனுமதியும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் இங்கே கிடைப்பது கடலில் எடுத்துச் சுத்தம் செய்த தண்ணீர். ஆணியை ஊறவைத்த மாதிரி ஒரு ருசி. ஒரு டம்ளர் உள்ளே போனால் அதுவும் வெளியே வரப் பார்க்கிறது. என் அறைத்தோழி லாரிகளை எடை போடும் மேடையில் வேலை செய்கிறாளே, அவள் கலர் பொடி, பாட்டில் டீ, வாசனை சோடா என்று எதையாவது கலந்துதான் குடிக்கிறாள். "இதுவும் தண்ணிதானே" என்கிறாள். நர்ஸக்காவிடம் கேட்கப் பயம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் எந்த நோயாளி எவ்வளவு குடிக்கலாம் என்று அளந்து ஊற்றுகிறவர் நீங்கள். ருசி சேர்த்த பானமெல்லாம் அந்த மூன்று லிட்டரில் சேருமா, சேராதா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

மூன்று வருஷம் என்று எழுதியிருக்கிறேன். அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றும் எழுதலாம். கட்டாயம் இல்லை.

உங்கள்
உயரத்துக்காரி


பிப்ரவரி 12

உயரத்துக்காரிக்கு,

சேரும். டீ சேரும், காபி சேரும், எலுமிச்சைச் சாறு சேரும், சூப் சேரும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு நாங்கள் தட்டில் வைக்கும் ஜெல்லியைக்கூடத் தண்ணீர்க் கணக்கில்தான் எழுதுகிறோம், ஐஸ்கட்டியையும்தான். காபி குடித்தால் உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் போய்விடும் என்று உன் அறைத்தோழி சொன்னால் நம்பாதே. கொஞ்சம் போகும், மிச்சம் உள்ளேதான் நிற்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

கடைப் பொடியெல்லாம் வேண்டாம். அதில் என்ன கலக்கிறான் என்று யாருக்குத் தெரியும். உங்கள் துறைமுகத்து மெக்கானிக், நம் ஊர்க்காரர், விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிறார், அவரிடம் நான்கு பாட்டில் கொடுத்திருக்கிறேன். இரண்டு எலுமிச்சை இஞ்சி, இரண்டு திராட்சை. நானே காய்ச்சிய பாகு. நாம் முதலில் குடியிருந்த மாடி அறையில், ஃபேன் ஓடாமல் போன மாதத்தில், ஜாடி ஜாடியாகக் குடித்தாயே, அதே கைப்பக்குவம். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று கரண்டி. குறைத்தால் ருசி நிற்காது.

குட்டி இப்போது என் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். கை மரத்துப்போய்க் காலையில் தட்டுகளைத் தூக்கும்போது என்னுடையதா இன்னொருவருடையதா என்று தெரிவதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மாடி வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார்கள். குட்டி வரைகிற படத்திலெல்லாம் நம் வீடு சின்னதாகவும் கிரேன் பெரியதாகவும் இருக்கிறது. மெத்தையில் என் பக்கம் மட்டும் குழிந்துவிட்டது. உன் பக்கம் இன்னும் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கிறது.

மூன்று வருஷத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உன் வேலை, உன் முடிவு. நான் சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றிப் பேசும்போது உன் குரலே வேறு மாதிரி ஆகிவிடுவது எனக்குத் தெரியும். இங்கே எல்லாம் நல்லா இருக்கு.

உன்
சமையலறை அதிபர்


மார்ச் 2

என்னங்க,

பாட்டில்கள் உடையாமல் வந்தன. மெக்கானிக் அவற்றைத் தன் சட்டைகளுக்குள் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். "உங்க வீட்டுக்காரர் ரயில் கிளம்புற வரைக்கும் ஜன்னல்கிட்ட நின்னு சாய்ச்சிடாதீங்க, சாய்ச்சிடாதீங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு" என்றார். நீங்கள் என்ன சட்டை போட்டிருந்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. ஒரு மெக்கானிக்கிடம் அதெல்லாம் கேட்க முடியுமா.

முதல் டம்ளரைக் கலந்து வாயில் வைத்ததும் அழுதுவிட்டேன். அறைத்தோழி பயந்துபோய் "கெட்டுப் போச்சா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். இஞ்சியைத் தோலோடு தட்டிப் போடும் ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அந்த மாடி அறையில் குளிர்ந்த ஜாடியை முதலில் என் கழுத்தில் வைத்துவிட்டு அப்புறம்தான் டம்ளரில் ஊற்றுவீர்கள். இங்கே ஜாடி இருக்கிறது, கழுத்து இருக்கிறது. போதும், இதற்கு மேல் எழுதினால் வேலைக்குப் போக முடியாது.

இப்போதெல்லாம் காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் கலந்து மேலே கொண்டுபோகிறேன். ஒரு கன்டெய்னர் பெட்டியை இறக்கிவிட்டு அடுத்த பெட்டிக்குக் கொக்கி போடுகிற இடைவெளியில் ஒரு மடக்கு. லாரி வரத் தாமதமானால் இன்னொரு மடக்கு. மதியம் இறங்கும்போது ஒரு தடவை, அறைக்குத் திரும்பியதும் ஒரு தடவை நிரப்பிக்கொள்கிறேன். மூன்று லிட்டர் சர்வசாதாரணமாக உள்ளே போகிறது. பிஸ்கட்டை விட்டுவிட்டேன். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டேன். படுத்தால் வயிறு பேசுகிறது, அதைத் திட்டிவிட்டுத் தூங்குகிறேன்.

ஆனால் எடை அசைய மாட்டேன் என்கிறது. நூற்றிநான்கு ஒரு வாரம் நூற்றிமூன்றரை ஆனது, இப்போது நூற்றிஐந்து. எங்கள் அறை மெஷினை நம்ப வேண்டாம் என்று அறைத்தோழி என்னைத் தன் லாரி மேடைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள். நூறு என்று காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் தன் கைப்பையைத் தூக்கி என் தோளில் மாட்டினாள். அப்போதும் நூறுதான். லாரி மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணுமாம், அதற்கு என்னைப் போன்ற ஆட்களெல்லாம் ஒரு பொருட்டே இல்லையாம். இரண்டு பேரும் அந்த மேடையிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று யோசித்து எழுதுங்கள். உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள்
உயரத்துக்காரி


மார்ச் 11

உயரத்துக்காரிக்கு,

கடிதம் சின்னதாகத்தான் இருக்கும். சமையலறையில் இரண்டு பேர் விடுப்பில் போய்விட்டார்கள், தட்டு அடுக்குவதும் நானே, தள்ளுவண்டியைத் தள்ளுவதும் நானே.

எடை உடனே இறங்காது. பொறுமையாக இரு. சாப்பாட்டை ரொம்பக் குறைக்காதே. பாகு தீர்ந்துபோயிருக்கும், இன்னும் இரண்டு பாட்டில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள், நீ வந்தால் காட்ட வேண்டுமாம். "அம்மா எப்போ வரும்?" என்று கேட்டாள். மே என்றேன். "நிஜமான மேயா, போன வருஷம் சொன்ன மாதிரி மேயா?" என்றாள். ஷூவைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பெரிய கட்டடம் ஒன்று எழும்புகிறது. அங்கே ஒரு கிரேன் நிறுத்தியிருக்கிறார்கள். தினமும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன். மேலே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. எதிரில் இருக்கும் டீக்கடைக்காரர் "என்ன சார், வெல பேசப் போறீங்களா?" என்றார். ஆமாம், வீட்டு மாடியில் நிறுத்தலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

இன்னொன்று எழுத நினைத்தேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன்
ச. அ.


மார்ச் 22

நர்ஸக்கா இன்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காலையிலிருந்து என்னென்ன உள்ளே போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிஸ்கட் இல்லை என்றேன். பொரித்தது இல்லை என்றேன். மூன்று லிட்டர் தண்ணீர் என்று பெருமையாகப் பாட்டிலைக் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"யம்மா, சர்க்கரையைத்தான் கரைச்சுக் குடிச்சிட்டு இருக்கியா?"

"தண்ணிக் கணக்குல சேரும்னு சொன்னாங்கக்கா."

"தண்ணி தண்ணிக் கணக்குல சேரும். யாரு இல்லைன்னா? அதுல இருக்கிற சர்க்கரை எந்தக் கணக்குல சேரும்னு கேட்டியா?"

கேட்கவில்லை. பிஸ்கட்டில் விட்டதையெல்லாம் பாட்டிலில் பிடித்துவிட்டேனாம், அதற்கு மேலும் பிடித்திருக்கிறேனாம். சாப்பிட்டாலாவது வயிறு நிறையும், குடித்தால் அது உள்ளே போனதே வயிற்றுக்குத் தெரியாதாம்.

சரி, எனக்குத் தெரியாது. நான் பெட்டி தூக்குகிறவள். உங்களுக்குமா தெரியாது? சர்க்கரைக்காரர் தட்டில் ஒரு கரண்டி ஜாம் தவறிப் போனதற்காகத் தள்ளுவண்டிக்குப் பின்னாலேயே மூன்று மாடி ஓடினவர் நீங்கள். என்னிடம் வந்து எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் மூன்று கரண்டி போடு, குறைக்காதே என்று எழுதினீர்கள். எங்கே தப்பு என்று கேட்டபோது பொறுமையாக இரு என்றீர்கள், கூடவே இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பினீர்கள்.

தெரிந்தேதானே செய்தீர்கள்?

நான் இங்கே அரை வயிற்றோடு படுத்திருந்தேன். நீங்கள் அங்கே அடுப்பில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கைப்பக்குவம் என்று நான் அழுதது வேறு.

பார்சல் பாட்டில்களைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குட்டியிடம் மட்டும் பேசுவேன். நீங்கள் தள்ளி உட்காருங்கள்.


மார்ச் 31

தெரிந்தேதான் செய்தேன்.

ஞாபகப்பிசகு என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். மூன்று வரி எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது, கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடி தள்ளித்தான் உட்கார்ந்தேன். குட்டி என் பக்கம் திரும்பி "அப்பா, அம்மா பேசறது உனக்குக் கேக்குதா?" என்றாள். கேட்டது.

உன் முதல் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். தாண்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாயே, சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாலு கிலோ. அது குறையாமல் இருந்தால் போதும், நீ வந்துவிடுவாய். நான் கூப்பிட்டதாக ஆகாது. நீ விட்டுவிட்டு வந்ததாகவும் ஆகாது. கயிறும் மெஷினும் சேர்ந்து உன்னை அனுப்பிவைத்ததாக ஆகிவிடும். நீ கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னேன், ஒரு வார்த்தை பொய் இல்லை. நீ கேட்காததைச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய யோக்கியன் நான்.

ஏன் நேராக வா என்று எழுதவில்லை என்பாய். எழுதினால் நீ வந்துவிடுவாயே என்ற பயம்தான். அந்த ஏணியில் ஏற எத்தனை பேரிடம் நின்றாய், எத்தனை பேர் உன் இடுப்பைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கூட இருந்து பார்த்தவன் நான். என் ஒரு வார்த்தைக்காக அதை நீ விட்டுவிட்டு வந்தால், காலம் பூராவும் கிரேன் நிற்கிற தெருவில் உன்னோடு நடக்க எனக்குக் கூச்சமாக இருக்கும். அதற்குப் பயந்து உன் உடம்பை வைத்தே உன்னைத் தோற்கடிக்கப் பார்த்தேன். இது அதைவிடக் கேவலம். கோபப்படு, நியாயம்தான். குட்டிக்காக என்று சீக்கிரம் சமாதானம் ஆகிவிடாதே.

இனி முழுப் பதில். சர்க்கரை இல்லாத எதுவும் அந்த மூன்று லிட்டரில் தயங்காமல் சேரும். தண்ணீரில் எலுமிச்சையையோ வெள்ளரியையோ வட்டமாக நறுக்கிப் போட்டு, நாலு புதினா இலையைக் கசக்கிப் போட்டு, மூடி குளிரவை. காலையில் ஆணி ருசி இருக்காது. சர்க்கரை போடாத டீ எவ்வளவு வேண்டுமானாலும் சேரும். இனிப்புக்கு வேறு ஏதோ போட்டுச் சர்க்கரை இல்லை என்று விற்கிறார்களே, அந்தச் சோடாவும் சேரும், ஆனால் அது நாக்கை இனிப்புக்கு ஏங்கவைக்கும் என்று எங்கள் டயட் மேடம் சொல்வார்கள். பழச்சாறு, பால், என் பாகு எல்லாம் தண்ணீராகவும் சேரும், சாப்பாடாகவும் சேரும். அந்த இரண்டாவது பாதியைத்தான் நான் முழுங்கிவிட்டேன். பாட்டில்களை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடு. அவர் ஒல்லியாக இருக்கிறார்.

இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்க வேண்டாம். காய்கறியை இரண்டு பங்காக்கு, மற்றதைக் கொஞ்சம் குறை. நீ ஜெயிக்க வேண்டும். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதை வைத்தாவது நம்பு.

உன்
பதவி பறிபோன அதிபர்


ஏப்ரல் 12

ஆஸ்பத்திரிச் சமையல்காரருக்கு,

வெள்ளரி வேலை செய்கிறது. நன்றி வெள்ளரிக்கு, உங்களுக்கு இல்லை. நூற்றிரண்டுக்கு வந்திருக்கிறேன்.

பாட்டில்களை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஒன்றைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். குடிக்க இல்லை. அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், எப்போதாவது மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு வைத்துவிடுகிறேன். இதை எழுதியிருக்க வேண்டாம், எழுதிவிட்டேன்.

கோபம் போகவில்லை. போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே ஏணியில் ஏறுவேன், பாதியில் திரும்ப வந்துவிடும். நீங்கள் ஏமாற்றியதைக்கூட விட்டுவிடலாம். பெண்டாட்டியை வா என்று கூப்பிட ஒரு மனுஷனுக்கு நாலு பாட்டில் பாகு தேவைப்பட்டதே, அதைத்தான் விட முடியவில்லை. நீங்கள் கேட்கக் கூடாது என்று இருந்தீர்கள். கேட்கமாட்டாரா என்று நான் இருந்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே எல்லாம் நல்லா இருக்கு என்று இருக்கும். எல்லாம் நல்லா இருக்கிற வீட்டுக்கு நான் எதற்கு என்று மடித்து வைத்துவிடுவேன்.

இங்கே வேறு ஒன்று நடக்கிறது. புதிதாக ஒரு பெரிய கிரேன் வருகிறது. ஃபோர்மேன் அதற்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார். அதற்காக மேலதிகாரியிடம் சண்டை போட்டாராம். "எடைய மட்டும் பாத்துக்கோம்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். பார்க்கிற ஆட்களெல்லாம் என் பாட்டிலில் வெள்ளரி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இத்தனை பேர் சேர்ந்து ஒருத்தியை இளைக்கவைத்து நான் பார்த்ததே இல்லை. இவர்கள் முகத்தைப் பார்த்து எனக்கு இன்னும் மூன்று வருஷம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. மேலே இருந்து பார்க்கும்போது காலையில் கடல் வெள்ளையாக இருக்கும், முப்பது டன் பெட்டி என் இரண்டு விரலுக்குச் சொன்னபடி கேட்கும். அது எனக்குப் பிடித்திருக்கிறது. சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கிளம்பிப் போகும். அப்போது மட்டும் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். மூன்று வருஷம் என்றால் குட்டிக்குப் பத்து வயது. என் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குவாளா அப்போது?

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கிட்டே உட்காரலாம்.


ஏப்ரல் 21

உயரத்துக்காரிக்கு,

கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பாய் என்று எழுதியிருக்கிறாய். அதனால் முதல் வரியிலேயே எழுதுகிறேன். நீ வந்துவிடு. எனக்கு நீ வேண்டும்.

இங்கே எல்லாம் நல்லா இல்லை. குட்டி நன்றாக இருக்கிறாள், வீடு நன்றாக இருக்கிறது, நான் நன்றாக இல்லை. வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கிறதா என்று இரண்டு வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் திறக்கிறேன். கடையில் ஒருத்தி உன்னை மாதிரி கொண்டையை அள்ளிச் சொருகிக்கொண்டாள், வாங்க வந்ததை மறந்து வெறும் பையோடு திரும்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ குட்டியிடம் பேசும்போது நடுநடுவே மூச்சு வாங்குவாய், அதைக் கேட்கத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கிட்டே உட்காரலாம் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அன்று முப்பது தட்டில் உப்பு போடாமல் அனுப்பினேன். நல்லவேளை, அது உப்பில்லாத வார்டுக்குப் போகிற தட்டு.

கேட்டுவிட்டேன். இனி ஒன்றே ஒன்று. நீ மெஷினில் தோற்று வராதே. அப்படி வந்தால் நான் பாகு காய்ச்சி ஜெயித்ததாக ஆகிவிடும், நீயும் அதை நினைத்துக்கொண்டே இருப்பாய். நூறுக்குக் கீழே வா. உன்னால் முடியும் என்று எல்லோரும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு இருப்பதோ வருவதோ, உன் வாயால் என்ன சொல்கிறாயோ அதுதான். இருக்கிறேன் என்று சொன்னாலும் சண்டை போட மாட்டேன். குட்டியைக் கூட்டிக்கொண்டு லீவு நாளில் வந்து, நீ இறங்கிவரும் ஏணிக்குக் கீழே நிற்பேன். ஆனால் எனக்கு அது போதாது என்பதையும் எழுதிவிடுகிறேன், இனி எதையும் பாதி சொல்வதாக இல்லை.

தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காதே. மடக்கு மடக்காகக் குடி.

உன்
ஆள்


மே 6

என்னங்க,

இன்று காலை எடை பார்த்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நடுவில் சிரிக்க வேண்டாம்.

காலையில் பூட்ஸ், பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு அறை மெஷினில் ஏறினேன். தொண்ணூற்றொன்பது. அறைத்தோழி கட்டிப் பிடித்துக்கொண்டாள். மருத்துவ அறைக்கு வெளியே நடைபாதையில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஃபோர்மேன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். போகிற வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம பொண்ணு இன்னைக்கு அடிச்சிரும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. ஜெயித்துவிட்டு வாயால் சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நல்லது. அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்தானே.

நடைபாதை ஓரத்தில் குழாய் வைத்த தண்ணீர்க் கேன் ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என் பாட்டிலை நிரப்பினேன். எலுமிச்சை இல்லை, வெள்ளரி இல்லை, வெறும் ஆணித் தண்ணீர். நின்றபடியே குடித்தேன். இன்னொரு தடவை நிரப்பினேன். இரண்டு பாட்டில், இரண்டு கிலோ, நூற்றியொன்று, யார் முகத்தையும் பார்த்து எதையும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டாவது பாட்டில் பாதி வரும்போது நீங்கள் அடுப்பு முன்னால் நின்று பாகைக் கிளறிக்கொண்டிருப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த நிமிஷம் உங்கள் மேல் இருந்த கோபம் பூராவும் போய்விட்டது. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். புது மெஷினில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொண்ணூத்தியெட்டு" என்றார் நர்ஸக்கா.

"அக்கா, சரியா பாருங்க. மெஷின் ரிப்பேரா இருக்கும்" என்றேன்.

"நேத்துதான் வந்த மெஷின். நீ என்னம்மா, எளச்சதுக்கு அழற?"

எங்கள் அறை மெஷின் இத்தனை மாதமாக என் தலையில் மூன்று கிலோவைக் கூட்டிக் கட்டியிருக்கிறது, பாவி. ஃபோர்மேன் கை தட்டினார். என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் ஒப்பந்தத்தை மேஜையில் வைத்துவிட்டு, புது கிரேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதன் கை எவ்வளவு நீளம், எவ்வளவு தூக்கும், உள்ளே குளிரூட்டி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எனக்கு இரண்டு லிட்டரும் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நின்றேன். சந்தோஷத்தில் நிற்க முடியாமல் தவிக்கிறேன் என்று நினைத்து அவர் இன்னும் விவரமாகச் சொன்னார். இதற்கு மேல் ஒரு நொடிகூட முடியாது என்று ஆன பிறகு வாயைத் திறந்தேன்.

"சார், எனக்கு இந்தக் கையெழுத்து வேணாம். நான் வீட்டுக்குப் போறேன். கிரேன் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதுல பொய் இல்ல. ஆனா என் வீட்டுக்காரர பாக்காம, என் பொண்ண பாக்காம இனிமே என்னால இருக்க முடியாது. நீங்க எனக்காகச் சண்ட போட்டீங்க, மன்னிச்சிடுங்க. இப்ப நான் அவசரமா பாத்ரூம் போகணும்."

இரண்டு வருஷம் தொண்டையில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கோபமாக இருப்பார் என்று பயந்தேன். "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். ஒப்பந்தத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். "எனக்கும் வீட்ல ஆள் இருக்கு. இந்த மாதிரி ஓடி வந்து சொல்ல எனக்கு ஒரு நாளும் வரல" என்றார். பிறகு பேனாவை எடுத்து, எனக்குக் கிரேன் நன்றாக ஓட்டத் தெரியும் என்று ஒரு சான்றிதழை அவரே தன் கையால் எழுதிக் கொடுத்தார். கட்டடக் கிரேன்காரர்கள் யாராவது அதைப் பார்த்து வேலை கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் கொடுக்கும் வரை போய்ப் போய் நிற்பேன், அது எனக்குப் பழக்கம்தான்.

எனக்குப் பதிலாக வருகிறவனுக்கு நாலு நாள் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் ரயில் ஏறுகிறேன். போனில் சொல்லிவிடலாம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை குட்டி நடுவில் உட்கார்ந்திருப்பாள், நீங்கள் அழுதால் பயந்துவிடுவாள். அதனால் இதை இன்றே தபாலில் போடுகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். அது வந்து சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன்.

உங்கள்
பெண்டாட்டி